கெட்டி முதலியின் மதில்

வரலாற்றுத் தொடர் – பகுதி 12

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு முதல் தடவையாகப் போகிறவரை உள்ளூர்க்காரர் யாராவது நேராக வாலி – சுக்ரீவன் தூணுக்குத்தான் அழைத்துப் போவார். ராமன் மறைந்து நிற்கும் தூணருகே நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் ராமன் தெரியமாட்டான். அடுத்தது ரதியும் மன்மதனும். அங்கேயும் இதே கண்ணாமூச்சிதான். யாளியின் வாய்க்குள் விரலை விட்டுக் கல் உருண்டையை உருட்டிப் பார்க்கச் சொல்வார்கள். மேலே தொங்கும் கல் சங்கிலியைக் காட்டுவார்கள். பாதாள லிங்கத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் செருப்பைத் தேடுவதற்கே நேரம் சரியாக இருக்கும். போகும்போதும் வரும்போதும் தாண்டிய கதவை நின்று பார்த்தவர்கள் குறைவு.

அந்தக் கதவைக் கொஞ்சம் பார்ப்போம். மேற்கு பார்த்த கோயில் இது. ஐந்து நிலை ராஜகோபுரம், சுமார் 90 அடி உயரம். கோபுரத்தின் அடித்தளத்தைத் தேர் போலச் செதுக்கி, யானையும் குதிரையும் இழுத்துப் போவதாக அமைத்திருக்கிறார்கள். அந்தத் தேரின் நடுவே வாசல். வாசலை அடைக்கிற கதவு வேங்கை மரம். அதன் முகம் முழுக்க வரிசை வரிசையாக இரும்பு முனைகள். கோட்டைக் கதவுகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். யானையைக் கொண்டுவந்து மத்தகத்தால் முட்டவைத்துக் கதவைப் பிளப்பது அந்தக் காலத்துச் சண்டையில் வழக்கம். முனைகள் குத்தினால் யானை ஒரு முட்டோடு பின்வாங்கிவிடும், சில சமயம் தன் பக்கத்து ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடும். சாமி கும்பிட வருகிறவன் யானையை விட்டுக் கதவை முட்டமாட்டான். அப்படியானால் இந்தக் கதவைச் செய்தவன் வேறு யாரையோ எதிர்பார்த்திருக்கிறான்.

கதவின் இரு பக்கமும் மதில் ஓடுகிறது. சுமார் 306 அடிக்கு 164 அடி. கருங்கல்லை வெட்டி அடுக்கிய உயரமான மதில். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது ஒன்றுமே தெரியாது. கோபுரம் மட்டும் தலை நீட்டும். ஜலகண்டாபுரத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊர்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பிரதோஷத்துக்குப் போகிற கோயில், கல்யாணம் நடக்கிற கோயில். அதைக் கோட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கென்னவோ அதைக் கட்டியவர்கள் மனதில் இரண்டுமே இருந்தன என்றுதான் தோன்றுகிறது.

சென்ற பகுதியில் கெட்டி முதலிகளை அமரகுந்தியில் விட்டிருந்தோம். மதுரை நாயக்கர்களுக்குக் கட்டுப்பட்ட பாளையக்காரர்கள். அமரகுந்தி, தாரமங்கலம், ஓமலூர் என்று சரபங்கா நதிப் பக்கத்தை மையமாக வைத்துக்கொண்டு, தெற்கே திருச்செங்கோடு, பவானி வரைக்கும், மேற்கே காவிரிக்கு அக்கரையில் காவேரிபுரம் வரைக்கும் அவர்கள் கை நீண்டிருந்தது. கொங்கு நாட்டுக்கும் மைசூருக்கும் நடுவே கதவைப் போல நின்ற பாளையம் அது. மைசூர்ப் படை மலையிறங்கினால் முதலில் இவர்கள் தலையில்தான் விழும். மதுரைக்கு அதுதான் தேவையாக இருந்தது.

தாரமங்கலம் கோயிலை ஒரே ஆள் கட்டி முடிக்கவில்லை. மும்முடி கெட்டி முதலி ஆரம்பித்தார், சீயாழி கெட்டி முதலி தொடர்ந்தார், வணங்காமுடி கெட்டி முதலி முடித்தார் என்பது ஊர் வழக்கு. பதினேழாம் நூற்றாண்டு வேலை என்பது சிற்பத்தைப் பார்த்தாலே தெரியும். மதுரைப் புது மண்டபத்துக்குப் பங்காளி முறை வேண்டும். அவர்களுடைய சின்னமான வாடாமாலையைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பவானி சங்கமேசுவரர் கோயிலிலும் திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் கோயிலிலும் இந்தக் குடும்பம் செய்த திருப்பணிகள் கல்வெட்டுகளில் இருக்கின்றன. அதே கைதான் காவேரிபுரத்தில் கணவாய் வாயை அடைத்துக் கோட்டை கட்டியது. ஆத்தூர்க் கோட்டையையும் கெட்டி முதலி கட்டியதாகத்தான் சொல்கிறார்கள். கோயிலுக்குத் தனிக் கொத்தன், கோட்டைக்குத் தனிக் கொத்தன் என்று அந்தக் காலத்தில் பிரித்துப் பார்த்திருக்க முடியாது. கல் ஒன்று, உளி ஒன்று, படியளந்தவரும் ஒருவரே.

மதில் யாருக்காக? கேள்வி எளிமையாகத் தெரிகிறது. பதில் ஊருக்கு ஊர் மாறுகிறது. இதில் மிகத் தெளிவான பதில் நம் நாட்டில் இல்லை, ருமேனியாவில் இருக்கிறது. திரான்சில்வேனியா என்கிற மலைநாட்டில் சாக்சன்கள் என்று அழைக்கப்படும் ஜெர்மானியக் குடியானவர்களின் கிராமங்கள் உண்டு. 1241இல் மங்கோலியர்கள் வந்து சூறையாடிப் போனார்கள். பிற்பாடு துருக்கியப் படைகள் அடிக்கடி வர ஆரம்பித்தன. அரசனின் படை வந்து சேர்வதற்குள் கிராமம் சாம்பலாகிவிடும். ஊர்க்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஊரிலேயே உறுதியான கட்டடம் மாதா கோயில்தான். அதைச் சுற்றிக் கோட்டைச் சுவர் எழுப்பிக்கொள்வோம் என்று.

அப்படி எழுந்தவற்றில் பிரெஜ்மெர் என்கிற ஊரின் ஆலயத்தைச் சொல்லியாக வேண்டும். சுமார் 12 மீட்டர் உயரச் சுவர். மூன்று நான்கு மீட்டர் கனம். சுவரின் உட்பக்கம் முழுக்க அடுக்கடுக்காக அறைகள், 270க்கும் மேல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் அறை. சமாதான காலத்தில் அதில் தானியம் போட்டுவைப்பார்கள். எதிரி வந்தால் ஆடு மாடு பிள்ளை குட்டியோடு உள்ளே போய்த் தங்கள் தங்கள் அறையில் குடியேறிவிடுவார்கள். முற்றுகை நீண்டால் படிப்புக் கெட்டுவிடுமே என்று பள்ளிக்கூடத்துக்கும் ஓர் அறை ஒதுக்கியிருந்தார்கள். விஸ்க்ரி என்கிற இன்னொரு ஊரில் கோட்டைக் கோபுரம் ஒன்றை உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி தொங்கவிடவே வைத்திருந்தார்கள். துண்டுக்குத் துண்டு குடும்ப அடையாளம் உண்டு. பியெர்தான் என்ற ஊரின் கோட்டை ஆலயம் 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 1999இல் பிரெஜ்மெர், விஸ்க்ரி முதலிய மற்ற ஊர்களையும் சேர்த்தார்கள். அங்கே மதில் ஊருக்காக, ஊரே கட்டியது. சாமிக்கும் சம்சாரிக்கும் ஒரே சுவர்.

தமிழ்நாட்டுக் கோயில் மதில் அப்படிப் பிறந்ததில்லை. சாமி நகை, பண்டாரம், நெற்களஞ்சியம், ஆசாரம் – இவற்றைக் காக்கப் பிறந்தது. ஆனால் கட்டி முடித்தபோது அது ஒரு கோட்டைக்கு வேண்டிய எல்லாவற்றையும் தன்னிடம் வைத்திருந்தது. இருபது முப்பது அடி உயரக் கருங்கல் சுவர். ஒன்றுக்குள் ஒன்றாகப் பிராகாரங்கள். முதல் சுவர் விழுந்தாலும் அடுத்த சுவருக்குப் பின்வாங்கலாம். நாலு பக்கமும் ஊர் தெரிகிற பெரிய கோபுரம். வற்றாத குளம். மாதக்கணக்கில் ஆட்களுக்குச் சோறு போடக் களஞ்சியமும் மடைப்பள்ளியும். பீரங்கியை ஏற்றி நிறுத்தும் அளவுக்கு உறுதியான தட்டையான கல் தளம். பதினெட்டாம் நூற்றாண்டில் கர்நாடகப் போர்கள் மூண்டபோது பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள், ஆற்காட்டு நவாபுகள், மைசூர்க்காரர்கள் எல்லாருடைய கண்ணும் ஒரே நேரத்தில் கோயில் மதில் மேல் விழுந்தது. ஆங்கிலேயர்களின் போர்க் குறிப்புகளைப் படித்தால் பெரிய கோயில் ஒவ்வொன்றையும் பலம், பலவீனம் என்று எடைபோட்டுத்தான் எழுதியிருப்பார்கள். தல புராணத்தில் ஒரு வரிகூட இருக்காது.

1749இல் தேவிகோட்டையைப் பிடித்த கையோடு ஆங்கிலேயப் படையின் ஒரு பிரிவு கொள்ளிடக் கரையோரம் ஆச்சாள்புரம் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தஞ்சாவூர்ப் படை இரவில் வந்து ஏணி போட்டு மதிலேறப் பார்த்தது, வாசலில் வைக்கோல் கட்டுகளைக் குவித்துக் கதவுக்கு நெருப்பு வைத்தது. விடியும்வரை சண்டை. உள்ளே இருந்தவர்கள் சில நூறு பேர்தான். வெளியே வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். கோயில் நின்றுவிட்டது. திருஞான சம்பந்தருக்குத் திருமணம் நடந்ததாகச் சொல்லப்படும் தலம் அது.

இரண்டு வருஷம் கழித்து இதே நாடகம் ஸ்ரீரங்கத்தில் பெரிய அளவில் நடந்தது. ஆற்காட்டு நவாபு பதவிக்கு இருவர் போட்டி. திருச்சி மலைக்கோட்டை ஆங்கிலேயர் ஆதரித்த முகம்மது அலியின் கையில். எதிரே காவிரித் தீவில் சந்தா சாகிபும் அவருக்குத் துணையாகப் பிரெஞ்சுக்காரர்களும். பிரெஞ்சுத் தளபதி லா ஜம்புகேசுவரத்தில், அதாவது நம் திருவானைக்காவில், தன் படையை வைத்தார். சந்தா சாகிபின் படை ரங்கநாதர் கோயில் மதிலுக்குள். 1752 ஏப்ரலில் ஆங்கிலேயத் தளபதிகள் லாரன்சும் கிளைவும் ஆற்றின் இரு பக்கமும் வழியை மறித்தார்கள். கிளைவ் சமயபுரத்தில் இருந்த கோயில்களைத் தன் முகாமாக வைத்துக்கொண்டார். நள்ளிரவில் பிரெஞ்சு ஆட்கள் அங்கேயே நுழைந்து, யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருட்டில் வெட்டிக்கொண்டார்கள். கடைசியில் சாப்பாடு தீர்ந்தது. ஜூன் மாதம் லா சரணடைந்தார். சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிப் போய்த் தலையை இழந்தார்.

இதில் ராபர்ட் ஓர்ம் என்கிற கிழக்கிந்தியக் கம்பெனி வரலாற்றாசிரியர் எழுதிவைத்த ஒரு சங்கதியைப் போர்ப் புத்தகங்கள் ஒற்றை வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. சரணடைதல் முடிந்த பிறகும் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் ஆயிரம் ராஜபுத்திர வீரர்கள் மிச்சம் இருந்தார்கள். ஆங்கிலேயரின் சிப்பாய்கள் உள்ளே நுழையப் போனபோது அவர்கள் வழிமறித்தார்கள். மூன்றாவது மதிலைத் தாண்டி ஒருவன் காலை வைத்தாலும் துண்டாக்கிவிடுவோம் என்றார்கள். சம்பளம் கொடுத்த எஜமானன் செத்துவிட்டான், போரும் முடிந்துவிட்டது. அவர்கள் காத்தது யாருடைய கட்சியையும் இல்லை, சன்னதியை. ஆங்கிலேயர்கள் அந்தப் பிடிவாதத்தை மதித்து விலகிக்கொண்டார்கள். அத்தனை மாதம் கொட்டடியாகக் கிடந்த கோயிலில் எங்கே கோட்டை முடிகிறது, எங்கே கோயில் தொடங்குகிறது என்று அந்த ஆயிரம் பேருக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பிடித்த பாத்திரங்கள் அவர்கள்தான். ஒருவருடைய பெயர்கூட மிஞ்சவில்லை.

சிதம்பரத்தின் கதை இன்னும் நீளம். 1648இல் பீஜப்பூர்ப் படைக் கலவரத்துக்கு அஞ்சி நடராஜரையே எடுத்துக்கொண்டு போனார்கள். குடுமியான்மலை, மதுரை என்று இருந்துவிட்டு அவர் திரும்பி வந்தது 1686இல். கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே பாசறை போட்டார்கள். 1781இல் மைசூரின் ஹைதர் அலியின் ஆட்கள் உள்ளே. அந்த வருஷம் ஜூன் 18ஆம் தேதி மாலை சர் அயர் கூட் தன் சிப்பாய்ப் பட்டாளங்களை அனுப்பினார். ஊரைப் பிடித்தார்கள், வெளி மதிலைப் பிடித்தார்கள், உள்ளே போகப் போக அடி பலமாக விழுந்தது, பின்வாங்கினார்கள். வந்தவாசியில் பிரெஞ்சுக்காரர்களை முறியடித்த தளபதியைத் தில்லை மதில் திருப்பி அனுப்பியது. ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டை வெளியில் ஹைதரை நேருக்கு நேர் சந்தித்துத்தான் அவர் பேரைக் காப்பாற்றிக்கொண்டார். காஞ்சிபுரத்துக்கும் இந்தப் பாடு உண்டு. 1780 செப்டம்பரில் பொள்ளிலூரில் ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அழிந்த செய்தி வந்ததும் காஞ்சியில் இருந்த இன்னொரு தளபதி ஹெக்டர் மன்றோ, இழுத்துப் போக முடியாத பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓடினார்.

இந்தக் கோயில்களில் பீரங்கிக்கு எதிரான ஏற்பாடு ஒன்றும் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். சுவர் உயரமே தவிர கனமில்லை. மூலைகளில் கொத்தளம் இல்லை. மதிலடியில் வந்து நிற்கிறவனைப் பக்கவாட்டில் சுட முடியாது. அகழி இல்லை. பெரிய குண்டு விழுந்தால் கருங்கல் பொடியாகிச் சில்லுகள் உள்ளே இருப்பவர்களையே குத்தும். அந்தக் காலத்து ஐரோப்பியப் பொறியாளர்கள் மண்ணைக் குவித்துத் தாழ்வாகக் கட்டியதற்குக் காரணமும் அதுதான். ஆனாலும் கோயிலை நோக்கி ஓடினார்கள் என்றால், சோழ மண்டலத்துச் சமவெளியில் வேறு கல் கிடையாது. வயலும் வாய்க்காலும் போக மிஞ்சியது கோயில் ஒன்றுதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1768இல் கர்னல் உட் தலைமையில் கம்பெனிப் படை தர்மபுரி, சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு என்று வரிசையாகப் பிடித்துக்கொண்டு கோயம்புத்தூர் வரை போனது. அந்த வருஷம் முடிவதற்குள் ஹைதர் அலி வந்து வரிசையாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிறகு திப்பு காலம், 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை, அலெக்சாண்டர் ரீடின் கலெக்டர் ஆட்சி. படைகள் போகாத சாலை இந்தச் சமவெளியில் இல்லை. சங்ககிரிக்கும் ஓமலூருக்கும் நடுவில், அத்தனை பெரிய கல்மதிலையும் முள் கதவையும் வைத்துக்கொண்டு தாரமங்கலம் இருந்தது. அப்படியிருந்தும் கர்நாடகப் போர்களின் பெயர்பெற்ற முற்றுகைகளில் ஒன்றுகூட அதன் பேரில் இல்லை. ஸ்ரீரங்கத்துக்கும் சிதம்பரத்துக்கும் நேர்ந்தது இதற்கு நேரவில்லை.

காரணம் என்று நான் நினைப்பது, குன்றுகள். தஞ்சைப் பக்கம் இல்லாத ஒன்று சேலம் சமவெளியில் எந்தத் திசையிலும் உண்டு. ஜலகண்டாபுரத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் ஏதாவது ஒரு கரடு கண்ணில் படும். வீடு கட்டத் தெரியாதவன்கூட அதன்மேல் நாலு கல்லை அடுக்கினால் காவல் நிலை ஆகிவிடும். பத்துக் கல் தொலைவில் மலைக்கோட்டை இருக்கும்போது எந்தத் தளபதியும் சமவெளிக் கோயிலுக்குள் போய் உட்காரமாட்டான். திருச்சியில் நடந்ததும் அதேதான்: மலை கிடைத்தவன் மலையில் இருந்தான், மலை கிடைக்காதவன் ஸ்ரீரங்கத்துக்குப் போனான். திருவண்ணாமலையைக் காட்டி என்னை மடக்கலாம். அங்கே மலையும் உண்டு, கோயிலைச் சண்டைக்காரர்கள் பயன்படுத்தியதும் உண்டு. ஆனால் அண்ணாமலை ஒரு சின்னப் படை ஏறிக் காக்கிற அளவு மலை இல்லை. சங்ககிரியும் நாமக்கல்லும் அப்படிக் காக்கக்கூடியவை.

நாமக்கல்லைப் பார்த்தால் இது கண்ணெதிரே விளங்கும். ஊர் நடுவே சுமார் 65 மீட்டர் உயரத்துக்கு ஒரே பாறை. மேற்குப் பக்கம் பாறையைக் குடைந்து நரசிம்மர். கிழக்குப் பக்கம் குடைந்து கார்க்கோடகன் என்ற பாம்பின் மேல் படுத்திருக்கும் ரங்கநாதர். இரண்டும் எட்டாம் நூற்றாண்டு, அதியர் குலத்து வேலை. ரங்கநாதர் குடைவரைக்கு அதியேந்திர விஷ்ணு கிருகம் என்று கிரந்தக் கல்வெட்டில் பெயர். நரசிம்மர் குடைவரையில் இரணியனை மடியில் போட்டுக் கிழிக்கும் காட்சியும், காலைத் தூக்கி உலகளக்கும் திரிவிக்கிரமனும், பூமியைத் தூக்கி வரும் வராகமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. இந்தப் பாறையின் தலையில்தான் கோட்டை. கட்டியவர் சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர் என்று ஒரு வழக்கு, மைசூர் அதிகாரி லட்சுமி நரசய்யா என்று இன்னொரு வழக்கு. பாறையில் வெட்டிய குறுகிய படிகளில் தென்மேற்குப் பக்கமாக ஏற வேண்டும். மேலே போனால் மதில் பாறையின் விளிம்பிலேயே நிற்கிறது. பாறையின் வளைவு எப்படிப் போகிறதோ அப்படியே சுவரும் வளைந்து போகிறது. கீழே எட்டிப் பார்த்தால் சுவர் எங்கே முடிகிறது, பாறை எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு நொடி குழம்பும். உள்ளே சிதைந்த பெருமாள் கோயில் ஒன்று, முஸ்லிம்களின் வழிபாட்டிடம் ஒன்று. கோட்டைக்குள் இருந்த சிப்பாய்களில் இரண்டு மதத்தவரும் இருந்தார்கள், இரண்டு சாமியும் தேவைப்பட்டது.

கவனிக்க வேண்டியது இதுதான்: சண்டை பாறையின் உச்சியில் நடந்தது, குடைவரைகள் அடியில் இருந்தன. 1768இல் கம்பெனிக்காரன் ஏறியதும், அதே வருஷம் ஹைதர் இறக்கியதும் தலைக்குமேல். நரசிம்மரின் மூக்கு முழி எல்லாம் பத்திரமாக இருக்கிறது. (கீழே வெட்டவெளியில் 18 அடி உயரத்தில் நிற்கிற ஆஞ்சநேயருக்குக் கோட்டையும் இல்லை, கூரையும் இல்லை. மூன்றிலும் கூட்டம் அதிகம் அவருக்குத்தான்.)

சங்ககிரி இன்னும் பெரிய மலை. அடிவாரத்திலிருந்து உச்சிவரைக்கும் மதிலுக்கு மேல் மதில், வாசலுக்கு மேல் வாசல். விஜயநகர காலத்தில் தொடங்கி மைசூர்க்காரர்கள் பெருக்கி ஆங்கிலேயர்கள் கடைசிச் சுற்றைப் போட்டது. உச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயில். 1805இல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது இங்கேதான். அவர் நினைவாக ஆடிப் பதினெட்டுக்கு மலையடியில் கூடும் கூட்டம் பெருமாளுக்குப் புரட்டாசியில் கூடுவதற்குக் குறைந்தது இல்லை.

மலைமேல் இல்லாமல் தரையில் இருக்கும் கோட்டைக்குள் மாட்டிக்கொண்ட கோயிலுக்கு என்ன ஆகும் என்பதற்கு வேலூர் ஜலகண்டேசுவரர் சாட்சி. அகழியும் இரட்டை மதிலும் கொண்ட தரைக்கோட்டைக்குள் அழகான கல்யாண மண்டபத்தோடு கோயில். கோட்டை கைமாறக் கைமாறக் கோயிலை ஆயுதக் கிடங்கு ஆக்கினார்கள். சாமி வெளியேறினார். தலைமுறை தலைமுறையாக விளக்கில்லாமல் கிடந்து, 1981 மார்ச் 16ஆம் தேதி சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். அதற்கு முன்னால் அங்கே போனவர்கள் பார்த்தது சிற்பத்தை மட்டும்தான்.

கெட்டி முதலிகளின் மற்ற மதில்கள் என்ன ஆயின? 1640களில் மைசூரின் கண்டீரவ நரசராஜர் காவிரிக் கரை ஊர்களைப் பறித்தார். 1667ஐ ஒட்டித் தொட்ட தேவராஜர் காலத்தில் ஓமலூர் போனது. அதே நூற்றாண்டு முடிவதற்குள் சிக்க தேவராஜர் மிச்சத்தையும் வழித்துக்கொண்டார். அமரகுந்தியில் இப்போது கோட்டையைத் தேடினால் தோட்டத்துக்காரர் மண்மேட்டைக் காட்டுவார். சேலத்தில் திருமணிமுத்தாற்றங்கரையில் இருந்த கோட்டையும் அப்படித்தான். கோட்டை மாரியம்மனும் கோட்டை அழகிரிநாதரும் ஜோராக இருக்கிறார்கள், கோட்டையைத்தான் காணோம். கோட்டைச் சுவரில் கல் பெயர்ந்தால் எடுத்துப் போய் வீட்டுத் திண்ணைக்கு வைத்துக்கொள்வார்கள், கேட்க ஆளில்லை. கோயில் மதிலில் கல்லைத் தொட்டால் ஊர் கேட்கும். தாரமங்கலத்தில் கெட்டி முதலி அரண்மனையைவிட அவர் கட்டிய கோயில் நிலைத்ததற்கு இதைவிடப் பெரிய ரகசியம் இல்லை.

கிறிஸ்தவ ஆலயங்கள் இந்தக் கதையில் எங்கே வருகின்றன என்று சென்ற மாதம் ஓமலூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்ட இயேசு சபைப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி முதலில் சேந்தமங்கலம் வந்தார். அவரை வரவேற்றவர் ராமச்சந்திர நாயக்கர். நாமக்கல் கோட்டையோடு வழக்கு சேர்த்துச் சொல்கிற அதே பெயர். அங்கிருந்து சேலம். சேலத்தில் தங்க இடம் கிடைக்காமல் இடிந்த சத்திரம் ஒன்றில் காய்ச்சலோடு கிடந்தார். பிறகு நிலைமை மாறியது. சேலத்து ஆட்சியாளரின் தமையன் திருமங்கல நாயக்கர் அவரிடம் பாடம் கேட்க ஆரம்பித்து 1625இல் ஞானஸ்நானம் பெற்றார். மோரமங்கலத்திலும் ஒரு சபை உருவானது. அந்தக் காலத்து மதுரை மிஷன் ஆலயங்கள் பெரும்பாலும் மண்சுவர், மேலே கூரை. சாக்சன்களைப்போல மதில் எழுப்பியிருந்தால் அடுத்த நாளே பாளையக்காரர் வந்து இடித்திருப்பார். தன் எல்லைக்குள் இன்னொருவன் கல்மதில் கட்டுவதை எந்தப் பாளையக்காரனும் பொறுக்கமாட்டான். நாயக்கரின் தயவு இருக்கும்வரை ஆலயம் இருக்கும். அதுதான் அவர்களுக்கு மதில்.

ஆங்கிலேயர்கள் தங்கள் கோட்டைக்குள் கட்டிய ஆலயம் வேறு விதம். சென்னை ஜார்ஜ் கோட்டையில் 1678இல் தொடங்கி 1680 அக்டோபர் 28ஆம் தேதி அர்ப்பணித்த புனித மேரி ஆலயத்தில் மர உத்தரம் கிடையாது. நாலடிக் கனச் சுவர். அதன்மேல் குண்டு விழுந்தால் தாங்கும்படி செங்கல்லில் வளைத்த கூரை. வடிவமைத்தவர் என்று சொல்லப்படுபவர் எட்வர்ட் ஃபௌல். கோட்டையின் பீரங்கித் தலைவர். எங்கே குண்டு விழும், எப்படி விழும் என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டபோது அந்தக் கணக்கு சரி என்று ஆனது. கிராமத்து ஆலயத்துக்கு அப்படி ஒரு கூரை வாய்க்கவில்லை.

நம் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருக்கக்கூடிய பழைய கிராம ஆலயம் பண்ணவாடியில் இருந்தது. 1925இல் வேலை தொடங்கி 1934இல் மேட்டூர் அணையில் தண்ணீர் தேக்கியபோது கரையோரக் கிராமங்கள் உள்ளே போயின. பண்ணவாடியின் இரட்டைக் கோபுர ஆலயமும் ஜலகண்டேசுவரர் கோயிலும் சேர்ந்து மூழ்கின. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது முதலில் ஆலயத்தின் கோபுரங்கள் தலைகாட்டும். இன்னும் இறங்கினால் கோயில் நந்தி. உடனே பத்திரிகையில் படம் வரும், மேட்டூரிலிருந்தும் ஜலகண்டாபுரத்திலிருந்தும் பைக் எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள், நாகமரைக்குப் போகிற பரிசல் துறையில் பொரி கடலை வியாபாரம் சூடு பிடிக்கும். டெல்டா விவசாயிக்கு அந்தப் படம் வயிற்றில் புளியைக் கரைக்கும். மைசூர்க்காரனோ ஹைதரோ கம்பெனிக்காரனோ அந்த ஆலயத்தைத் தேடிப் போனதில்லை. அதை எடுத்துக்கொண்டது பொதுப்பணித் துறையின் 120 அடி நீர்மட்டம்.

பண்ணவாடியிலிருந்து பார்வைக்கு எட்டும் தூரத்தில்தான் காவேரிபுரம். கெட்டி முதலி கணவாய் வாயில் கட்டிய கோட்டையைக் கர்னல் உட்டின் ஆட்கள் 1768இல் பிடித்தார்கள். காப்டன் ஃபைசன் என்ற அதிகாரி ஒரு சின்னப் படையோடு அதைக் காத்து நின்றார். கடைசியில் சரணடைந்தபோது ஹைதர் அவரையும் அவர் ஆட்களையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்கு அனுப்பினார். அந்த முற்றுகை அடுத்த பகுதியில்.